தேய்ந்துகொண்டே வரும் எஃகு: பழைய ஜப்பானிய வாள்களும் இன்றைய வாள்பயிற்சியும்

1853ஆம் ஆண்டு, அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவில் நங்கூரமிடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, நடு ஜப்பானின் மலைநாட்டில் மட்சுஷிரோ என்னும் சிற்றரசில் ஒரு சோதனை நடந்தது. அதை ஆண்ட சனாடா குடும்பத்துக்குத் தன் வீரர்களுக்கான ஆயுதங்கள் தேவைப்பட்டன. நாடறிந்த கொல்லர் தைகெய் நவோத்தானேயின் வேலைப்பாட்டின்மீது அங்கே சந்தேகம் எழுந்திருந்தது. அவருடைய வாளையும், அதே மலைநாட்டுக் கொல்லரான யமாவுரா சனேயோவின் வாளையும் களத்தில் இறக்கினார்கள். வைக்கோல் கட்டு, மூங்கில், மான் கொம்பு, பழைய இரும்பு, தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள். கடைசியில் வாளையே இரும்பால் அடித்து எப்போது முறிகிறது என்று பார்த்தார்கள். நவோத்தானேயின் வாள் முறிந்துபோனது. சனேயோவின் வாள் எல்லாவற்றையும் வெட்டியதோடு, அடியையும் நெடுநேரம் தாங்கியது.

இரக்கமில்லாத சோதனைதான், ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. வாளைச் செய்த கைகள் அப்போது உயிரோடு இருந்தன. முறிந்ததற்குப் பதிலாக இன்னொன்று வாங்கலாம். முறிந்த இடத்தைப் பார்த்து எஃகில் குறையா, தோய்ச்சலில் குறையா என்று அடுத்த வாளைச் செய்பவர் தெரிந்துகொள்ளலாம். இன்று ஒசாகாவிலோ பாரிஸிலோ ஒரு பயிற்சிக் கூடத்தில் நானூறு வருஷத்து வாளை எடுத்து ஒருவர் பாய்ச் சுருளை வெட்டும்போது, இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. செய்தவர் இல்லை, பதில் வாள் இல்லை, அது முறிந்தால் அந்தப் பாடத்தை வாங்கிக்கொள்ள அந்தப் பட்டறையும் இல்லை.

இப்படி வெட்டுகிறவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலோர் வாளின்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். வாளை உறையிலிருந்து உருவி, அதே அசைவில் வெட்டி, மீண்டும் உறையில் சேர்க்கும் கலை இயாய்டோ. நனைத்த பாய்ச் சுருளையோ மூங்கிலையோ நிஜமாகவே வெட்டிப் பார்ப்பது தமேஷிகிரி. இயாய்டோவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த, கூர் இல்லாத வாளைத்தான் பிடிக்கிறார்கள். வருஷங்கள் போனபின் ஆசிரியரே உண்மையான வாளுக்கு மாறச் சொல்வார். மேல்நிலைப் போட்டிகளில் கூர் உள்ள வாளை எதிர்பார்க்கும் வழக்கமும் உண்டு. எந்த வாள் என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வாளால் எதையும் வெட்டிப் பயிற்சி செய்யக் கூடாது. உருவிச் சேர்க்கும் பயிற்சிக்கு மட்டும், மிகச் சில வாள்களுக்கு விலக்குத் தரலாம். அந்த வாள்களின் எஃகு எப்படி அமைந்திருக்கிறது, அதை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

பழைய வாள் என்றால் எவ்வளவு பழையது? ஜப்பானிய வாளறிஞர்கள் 1596ஐ ஒரு எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்கு முற்பட்டவை கொத்தோ. பிறகு சுமார் 1780 வரை ஷிந்தோ. அதற்குப் பிந்தியவை, 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்யும் வரை, ஷின்ஷிந்தோ. அதன் பிறகு மரபு முறையில் செய்யப்பட்டவை நவீன வாள்கள். இவை எல்லாம் பொக்கிஷங்கள் அல்ல. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் பிசென் மாநிலத்து ஒசஃபுனே போன்ற ஊர்களில் கொல்லர்கள் போருக்கென்று கட்டுக்கட்டாக வாள் அடித்துத் தள்ளினார்கள். பெயர் சொல்லிக் கேட்டுச் செய்துவாங்கிய வாளுக்கும் இந்த மொத்த வேலைக்கும் வேறுபாடு அப்போதே தெரிந்திருந்தது. ஜப்பானில் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட வாள்கள் நூற்றுச் சொச்சம்தான். பதிவு பெற்று வீடுகளிலும் கடைகளிலும் இருப்பவையோ லட்சக்கணக்கில். ஆகவே ‘பழைய வாளைத் தொடாதே’ என்ற ஒற்றை வரி போதாது. மசமுனே போன்ற புகழ்பெற்ற கொல்லரின் வாளை எடுத்துப் பாய் வெட்டலாமா என்று யாரும் கேட்பதில்லை. கேள்வி, கையொப்பமில்லாத, சான்றிதழ் இல்லாத, கடைக்காரர் ‘பயிற்சிக்கு நல்லது’ என்று சொல்லி விற்கிற சாதாரண வாளைப் பற்றியது.

அந்தச் சாதாரண வாளும் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் இட்டு உருக்கி எடுத்த தமாஹகானே எஃகைக் கொல்லர் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடித்துச் சீராக்குகிறார். பெரும்பாலான வாள்களில் கடினமான எஃகு வெளியே தோலாகவும், மென்மையான இரும்பு உள்ளே கருவாகவும் இருக்கும். வடிவம் வந்தபின் களிமண், கரித்தூள், கல்தூள் கலந்த குழம்பைப் பூசுகிறார். முதுகுப் பக்கம் தடிப்பாக, வெட்டும் வாய்ப் பக்கம் மெல்லியதாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்ததும் வாய்ப் பக்கம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமான மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே அலைபோல ஓடும் வெண்கோடுதான் ஹமோன். வாளுக்கு வளைவு தருவதிலும் அந்தத் தோய்ச்சலுக்குப் பங்கு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது, கடினமான பகுதி சில மில்லிமீட்டர் அகலம்தான் என்பது. வாளின் வெட்டும் ஆற்றல் முழுவதும் அந்த ஓரப் பட்டையில் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் எஞ்சுவது வாள் வடிவத்தில் இருக்கும் மெல்லிரும்பு. அதை மறுபடி உண்டாக்க முடியாது. மறுபடி தோய்க்கலாம், அப்படித் தோய்த்த வாள்கள் உண்டு. 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது தீயில் சிக்கிய புகழ்பெற்ற வாள்களை டொக்குகாவா ஆட்சியாளர்களுக்காகக் கொல்லர் யசுத்சுகு மறுபடி தோய்த்துக் கொடுத்தார். ஆனால் அவை பிறகு பழைய கொல்லரின் வாளாக மட்டும் கருதப்படவில்லை. முதல் கொல்லரின் தோய்ச்சல் போய், யசுத்சுகுவின் தோய்ச்சல் அதில் ஏறியிருந்தது.

அந்தப் பட்டையைத் தீர்ப்பது எது? போர் கொஞ்சம் தீர்த்தது. அதைவிட அதிகமாகத் தீர்ப்பது மெருகு. வாளுக்கு மெருகேற்றுபவர் குட்டையான இருக்கையில் அமர்ந்து, கல்லை ஒரு மரக் கொக்கியால் அழுத்தி, அந்தக் கொக்கியைக் கால்விரலால் மிதித்துப் பிடித்தபடி வேலை செய்கிறார். வாளை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் தேய்க்கிறார். முதலில் சொரசொரப்பான கல், பிறகு பின்சுயி, கைசெய், நகுரா என்று ஒன்றைவிட ஒன்று மென்மையான கற்கள், முடிவில் கியோத்தோ பக்கத்துக் குன்றுகளில் எடுத்த உச்சிகுமோரி. அதற்குப் பிறகும் நகத்தளவு கல் சில்லுகளைக் கட்டைவிரலின் கீழ் வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவுகிறார். நல்ல மெருகுக்கு வாரக்கணக்கில் ஆகும். விலை அங்குலக் கணக்கில். எத்தனை கவனமாகச் செய்தாலும் எஃகு கரைந்து தண்ணீரோடு போகிறது. ஒரு சிறு பல் வாயில் விழுந்தால், அந்தப் பல்லின் ஆழம் மறையும்வரை வாள் முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு இடத்தை மட்டும் தேய்த்தால் வாய் அலையடித்துவிடும். ஒரு அரை மில்லிமீட்டர் பல்லுக்காக எழுபது சென்டிமீட்டர் நீளமும் தன் உடலில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

இப்படிப் பல முறை மெருகேறிய வாளை ஜப்பானியர்கள் களைத்த வாள் என்கிறார்கள். தோல் எஃகு தேய்ந்து, உள்ளிரும்பு மங்கலான தேமல்போல் வெளியே தெரியும். ஹமோன் சில இடங்களில் வாயை முட்டிக்கொண்டிருக்கும். கையில் எடுத்தால் வாள் வியக்கத்தக்க இலேசாக இருக்கும். அந்த இலேசைப் பாராட்டி வாங்குகிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அது வாள் இழந்ததின் அளவு என்பதை விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது வெட்டுக்கு வருவோம். பாய் என்னும்போது எத்தனை சாதுவான பொருள் என்று தோன்றுகிறது. ஜப்பானியத் தத்தாமிப் பாயின் மேற்பரப்பு, நம் கோரையைப் போன்ற இகுசா என்னும் செடியின் தண்டால் நெய்யப்படுவது. அறுவடையானதும் நிறமும் மணமும் நிலைக்க அந்தத் தண்டுகளைச் சேற்றுக் குழம்பில் முக்கிக் காயவைப்பார்கள். காய்ந்த மண்துகள் தண்டோடு ஒட்டிக்கொண்டே பாய்க்குள் வருகிறது. அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுருட்டி வெட்டும்போது வாளின் பக்கவாட்டில் நுண்ணிய கீறல்கள் ஓடுகின்றன. ஒரே வெட்டில் கண்ணாடி மெருகு போய்விடும். ஈரம் வேறு. வெட்டி முடித்துத் துடைத்து எண்ணெய் தடவினாலும், கீறல்களின் அடியில் தங்கிய ஈரம் துருவைத் தொடங்கி வைக்கும். இதைச் சரிசெய்ய மறுபடி மெருகு, மறுபடி தேய்மானம்.

இது எல்லாம் சரியாக வெட்டினால். தவறாக வெட்டினால் என்ன ஆகும் என்பது இன்னும் கவலைக்குரியது. வாயின் திசையும் வீச்சின் திசையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சில பாகை பிசகினாலும் வாள் பாய்க்குள் போய்த் திருகிக்கொள்ளும். முதுகு மென்மையானது என்பதால் முறியாமல் வளையும், வளைந்தபடியே நின்றுவிடும். அதை நிமிர்த்தலாம், நிமிர்த்துகிறார்கள். ஆனால் வளைந்து நிமிரும்போது மென்மையான முதுகுதான் விட்டுக்கொடுக்கிறது. கடினமான வாய்க்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. அதில் வாய்க்குக் குறுக்காக, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழலாம். ஹகிரே என்று சொல்லப்படும் அந்த விரிசல்தான் ஜப்பானிய வாளின் தீராத நோய். மெருகால் அதை எடுக்க முடியாது. சான்றிதழ் வழங்கும் குழு அந்த வாளை ஒதுக்கிவிடும். பயிற்சிக் கூடத்துக்கும் அது ஆகாது, ஏனென்றால் அடுத்த வெட்டில் வாள் எங்கே முறியும் என்று அந்தக் கோடு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. முறிந்த முனை முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்குக் கூடத்தில் பறக்கும்.

சிலர் சொல்லும் சமரசம் ஒன்று உண்டு. உயர்ந்த வாளை விட்டுவிடுவோம், கலைமதிப்புப் போன வாளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரு பழைய வாளின் மதிப்பு ஏன் போகிறது என்று ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பாருங்கள். களைத்துப்போனது: வாயில் கடினப் பட்டை குறைந்திருக்கிறது. தீயில் பட்டு மறுபடி தோய்க்கப்பட்டது: எஃகின் உள்ளமைப்பு மாறியிருக்கிறது, எப்படி மாறியது என்று தோய்த்தவருக்கே முழுதும் தெரியாது. அடித்துச் சேர்த்த இடங்களில் கொப்புளமோ பிளவோ இருக்கிறது: மடிப்புகள் சரியாக ஒட்டவில்லை. ஹகிரே இருக்கிறது: அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெரிய வாளை அடியில் வெட்டிக் குறுக்கியது: கைப்பிடிக்குள் போகும் காம்பில் இரண்டு மூன்று ஆணித்துளைகள் நெருங்கி விழுந்திருக்கும், சிலவற்றில் ஒரு காலத்தில் வாயாக இருந்த கடினப் பகுதியே காம்பாக மாறியிருக்கும். கலைமதிப்பைக் குறைத்த அதே குறை, கையில் பிடிப்பவரின் பாதுகாப்பையும் குறைத்திருக்கிறது. அழகு போனாலும் உறுதி போகாத வாள் என்று ஒரு வகை பெரிய அளவில் இருப்பதாக நினைப்பதுதான் இந்தச் சமரசத்தின் பிழை.

கைப்பிடியைப் பற்றியும் பேச வேண்டும். முழு வாளையும் கைப்பிடியோடு பிணைத்து வைப்பது ஒரு சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத மூங்கில் ஆணி. காம்பிலும் கைப்பிடி மரத்திலும் உள்ள துளை வழியாக அது குறுக்கே செருகப்படுகிறது. கைப்பிடி மரம் ஹோனோக்கி. அதன்மேல் திருக்கை மீன் தோல், அதன்மேல் பின்னிய பட்டு நாடா. எடோ காலத்துக் கைப்பிடி இன்று வெளியே அழகாகவே இருக்கும். உள்ளே மரம் சுருங்கியிருக்கலாம், பூச்சி அரித்திருக்கலாம். சீனப் போர்முனையில் ஜப்பானியப் படையின் வாள்களைப் பழுதுபார்க்கச் சென்ற நருசே கஞ்ஜி, தான் கண்டதை 1940இல் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் வாள்கள் அவர் கைக்கு வந்தன. வாளைவிடக் கைப்பிடிதான் பெரும் சிக்கலாக இருந்தது என்பது அந்த நூல் தரும் முக்கியமான செய்தி. ஒரு கொடிய போரில் கிடைத்த அறிவு அது, அந்தப் போரை மறந்துவிட்டு அதைப் படிக்க முடியாது. ஆனாலும் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இன்னொரு பொருள், வெள்ளை மரத்தில் செய்த எளிய உறையும் கைப்பிடியும். பழைய வாள் பெரும்பாலும் அதில்தான் விற்பனைக்கு வருகிறது. திரைப்படங்களில் அதைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். சோற்றுப் பசையால் ஒட்டிய இரண்டு பாதிகள் அவை. வாளைத் துருவில்லாமல் ஓய்வெடுக்க வைப்பதற்காக, தேவைப்பட்டால் பிளந்து சுத்தம் செய்வதற்காகவே அப்படி ஒட்டப்படுகின்றன. அதைப் பிடித்து ஓங்கி வீசினால் பசை விட்டு, கை அறுபடும்.

பயிற்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களின் வலுவான வாதம், வாள் வெட்டுவதற்காகப் பிறந்தது என்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது வாளாக இருக்காது என்கிறார்கள். இந்த வாதத்தில் உண்மையான அன்பு இருப்பதால் அதற்குச் சரியான பதில் தர வேண்டும்.

வயலினை உதாரணம் காட்டுவார்கள். 1743இல் குவார்னேரி செய்து, பகானினி வாசித்த வயலின் ஜெனோவா நகரத்தின் சொத்தாக இருக்கிறது, இன்றும் அவ்வப்போது மேடையேறுகிறது. ஆனால் வயலினில் தேய்வது தந்தியும் வில்லின் குதிரைமயிரும். அவற்றை மாற்றலாம். வாளில் மாற்றக்கூடியவை கைப்பிடியும் உறையும். வாள் என்று நாம் மதிக்கிற அந்த எஃகு, ஒவ்வொரு பயன்பாட்டிலும் தானே செலவாகிறது. வாசித்ததால் ஜெனோவா வயலின் மெலிந்துவிடவில்லை. வெட்டி வெட்டி மெருகேற்றிய வாள் மெலிகிறது.

வரலாற்றையும் பார்ப்போம். சாமுராய்கள் தங்கள் நல்ல வாளை வைத்தா பயிற்சி செய்தார்கள்? பெரும்பாலும் மரவாள்தான். யக்யூ ஷின்ககே மரபில் மூங்கிலைப் பிளந்து தோலுறை போட்ட கோல். பதினெட்டாம் நூற்றாண்டில் கவசமும் மூங்கில் கோலும் பரவி, இன்றைய கெண்டோவுக்கு வழி பிறந்தது. உருவும் கலையில் உண்மை வாள் பயன்பட்டது மெய்தான். ஆனால் குடும்பத்தின் பெருமைக்குரிய வாளைத் தினமும் அதற்கு எடுத்தார்கள் என்று நினைக்க இடமில்லை. எட்டாவது ஷோகன் யோஷிமுனே ஆணையிட்டு, வாள் மதிப்பீட்டாளர்களான ஹொன்னாமி குடும்பம் தொகுத்த கியோஹோ காலத்துப் பட்டியலில், நாட்டின் புகழ்பெற்ற வாள்கள் பதிவாயின. தீயில் அழிந்துபோனவற்றுக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வாளை ஆளும் கைகளே இழப்பைக் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டன.

வெட்டுச் சோதனை நடந்தது என்பதும் மெய். யமாடா அசாஎமோன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய குடும்பம், மரண தண்டனை பெற்றவர்களின் உடல்மீது வாள்களைச் சோதித்துக் கொடுத்தது. முடிவைக் காம்பில் தங்க எழுத்தால் பதிப்பதும் உண்டு. அந்தச் சோதனைகளின் அடிப்படையில் கொல்லர்களை வெட்டும் திறனால் தரம் பிரித்த ‘கைஹோ கென்ஜாகு’ 1797இல் வெளிவந்தது. இன்றைய வியாபாரிகள் அந்தத் தரவரிசையை மேற்கோள் காட்டி வாள் விற்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை சொல்வது அன்றைய உடலோடு இருந்த வாளைப் பற்றி. அதன்பிறகு இருநூறு ஆண்டுகளின் மெருகு அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

அளவும் பொருந்துவதில்லை என்பது பலரும் யோசிக்காத விஷயம். எடோ காலத்தில் வழக்கமான நீளம் 2 ஷாக்கு 3 சுன், அதாவது சுமார் 70 சென்டிமீட்டர். போர்க்காலத்தில் ஒரு கையால் வீசச் செய்தவை இன்னும் குட்டை. அக்காலத்து ஜப்பானியரைவிட இன்றைய பயிற்சியாளர் பொதுவாகவே உயரம். பழைய வாளை எடுத்தால் உடலை வாளுக்கு ஏற்றவாறு குறுக்கிக்கொள்கிறார், அது அசைவிலேயே தெரிகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஜப்பானில் ஏன் பழைய வாள் பயிற்சிக்கு வருகிறது? அங்கே சட்டம்தான் அந்தப் பக்கம் தள்ளுகிறது, இதைச் சொல்லாமல் பயிற்சியாளரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. 1945க்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை வாள்களை எல்லாம் ஆயுதமாகக் கருதிப் பறிமுதல் செய்தது. டோக்கியோவின் அகபானே கிடங்கில் குவிந்தவற்றில் பெரும்பகுதி அழிந்தது. ஹொம்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள், இவை கலைப்பொருள்கள் என்று அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லி ஏறத்தாழ 5,500 வாள்களை மீட்டார்கள். அவை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இன்று நடைமுறையில் இருக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதே அடிப்படையில்தான் நிற்கிறது: மரபு முறையில் செய்து, கலைமதிப்பு உள்ளது என்று பதிவான வாளை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஆலை எஃகில் செய்த வாளுக்கு அங்கே இடமில்லை. ஆகவே எஃகு வாளால் பயிற்சி செய்ய விரும்பும் ஜப்பானியருக்கு இரண்டே வழி. ஒன்று, உரிமம் பெற்ற கொல்லரிடம் புதிதாகச் செய்துவாங்குவது. அந்தக் கொல்லர் குறைந்தது ஐந்து ஆண்டு குருவிடம் இருந்து, தேர்வில் தேறியவர். மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்குமேல் அவர் செய்யக்கூடாது. விலை பத்து லட்சம் யென்னைத் தாண்டுவது சாதாரணம். மற்றது, கையொப்பமில்லாத ஒரு பழைய வாள். பெரும்பாலும் அதுதான் மலிவு.

பழமையானது புதியதைவிட மலிவாகக் கிடைக்கும் இந்தத் தலைகீழ் நிலைதான் பிரச்சினையின் வேர். இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. வாள் கலைப்பொருள் என்ற வாதத்தால்தான் அது உருக்கு உலைக்குத் தப்பியது, அந்த வாதத்தால்தான் இன்றும் வீட்டில் வைத்திருக்க முடிகிறது. கலைப்பொருள் என்று பதிவு செய்த ஒன்றைப் பாய் வெட்டித் தீர்க்கும்போது, அந்தச் சட்டத்தின் அடித்தளத்தையே நாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுகிறோம்.

‘சாதாரண வாள்தானே’ என்பதற்கும் ஒரு பதில் உண்டு. சாதாரணம் என்ற தீர்ப்பு பலமுறை மாறியிருக்கிறது. துருப்பிடித்துக் கிடந்த, கையொப்பமில்லாத வாளை மெருகேற்றிப் பார்த்தபின் அது இன்ன பள்ளியைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது வாள் ஆய்வில் வாடிக்கை. அதற்கு உதவுவது வாயின் அமைப்பும், காம்பின் துருவும். காம்பின் கறுத்த துருவின் ஆழத்தையும் நிறத்தையும் வைத்தே வயதைக் கணிக்கிறார்கள். அதனால்தான் காம்பைத் துடைத்துப் பளபளப்பாக்குவது இந்தத் துறையில் மன்னிக்க முடியாத செயல். தவிர, மொத்தமாக அடித்த போர்வாள்கள் என்பவை பெரும்படைகளின் காலத்துச் சாதாரணக் காலாள் எதைப் பிடித்துப் போரிட்டான் என்பதற்கு நேரடிச் சாட்சி. பிரபுக்களின் வாள்களைப் பார்க்க அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலாளின் வாளைப் பாதுகாக்க எவரும் இல்லை.

நான் விலக்குத் தரத் தயாராக இருக்கும் இடம் குறுகியது. உருவிச் சேர்க்கும் பயிற்சி, வெட்டு இல்லை. அந்தப் பயிற்சியும் முற்றிலும் தீங்கற்றது அல்ல. வாளை உறையில் சேர்க்கும்போது முதுகு இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உரசிப் போகிறது. கையின் வியர்வை எஃகில் ஒட்டுகிறது. ஒரு மாலையில் நூறு முறை இப்படிப் போனால் உப்பும் உராய்வும் சேர்கின்றன. உறையின் வாயில் பக்கவாட்டில் நீண்ட கோடுகள் விழுகின்றன. ஆகவே விலக்குக்கு உரியது 1800களின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ செய்த, உடல் தேயாத, எண்ணிக்கையில் அதிகமாக உள்ள வாள். கைப்பிடியும் உறையும் அதற்கென்று புதிதாகச் செய்தவையாக இருக்க வேண்டும், பழைய உறுப்புகளைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். வாளை ஒரு மெருகேற்றுபவரோ கொல்லரோ முதலில் பார்த்து விரிசல் இல்லை என்று சொல்ல வேண்டும். பிடிப்பவர் கலப்பு உலோக வாளில் பல ஆண்டுகள் பழகியவராக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் கடினம் என்று தோன்றினால், அந்தக் கடினத்துக்குக் காரணம் இருக்கிறது.

மற்ற எல்லாவற்றுக்கும் இன்றைய கொல்லர் இருக்கிறார். ஷிமானே மாநிலத்து ஒக்குயிசுமோவில், பாதுகாப்புச் சங்கம் 1977இல் மீட்டெடுத்த தத்தாரா உலை ஒவ்வொரு குளிர்காலத்திலும் எரிகிறது. மூன்று இரவு பகல் தூங்காமல், சுமார் பத்து டன் இரும்பு மணலையும் அதைவிடக் கூடுதலான கரியையும் ஊட்டி, இரண்டரை டன் அளவு எஃகுக் கட்டியை எடுக்கிறார்கள். அதில் முதல்தரத் தமாஹகானே ஒரு பகுதிதான். அது நாடெங்கும் உள்ள கொல்லர்களுக்குப் பங்கிடப்படுகிறது. அந்தக் கொல்லர்களின் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. இந்தத் தொழில் தொடர்ந்தால்தான் பழைய வாளையும் நம்மால் புரிந்துகொள்ள முடியும். ஒரு ஹமோன் ஏன் அப்படி விழுந்தது என்று விளக்கக்கூடியவர், இன்று களிமண் பூசித் தோய்த்துப் பார்க்கிறவர்தான். அவருக்கு வேலை கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர்களில் வாள்பயிற்சி செய்கிறவர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் பணம் பழைய கையொப்பமில்லாத வாளுக்குப் போகும்போது, பழையதும் தேய்கிறது, புதியதும் பிறக்காமல் போகிறது.

ஜப்பானுக்கு வெளியே இந்தத் தடையே இல்லை. சீனத்திலும் பிற நாடுகளிலும் இன்றைய எஃகில், ஒரு பழைய வாளின் விலையில் சிறு பங்குக்கு, வெட்டுப் பயிற்சிக்கென்றே வாள்கள் செய்கிறார்கள். பாய் வெட்ட அது போதும். வளைந்தால் வருத்தம் இல்லை, முறிந்தால் இன்னொன்று. 1945க்குப் பின் நினைவுப்பொருளாகப் படைவீரர்கள் மூட்டையில் எடுத்துவந்த பழைய வாள்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்னும் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் எது என்ன என்று பெரும்பாலும் யாரும் பார்த்ததில்லை. அங்கே பழைய வாளால் வெட்டுவதற்கு எந்தச் சாக்கும் மிச்சமில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைச் செய்ய வேண்டியவை வாள்பயிற்சி அமைப்புகள். வெட்டுப் போட்டிகளில் வாளை மேடைக்கு விடுமுன் மூங்கில் ஆணியையும் கைப்பிடியையும் சோதிப்பது நல்ல கூடங்களில் ஏற்கெனவே உள்ள நடைமுறை. ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் மாநிலக் கல்வி வாரியம் தந்த பதிவுச் சீட்டு இருக்கிறது. நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, காம்பில் உள்ள எழுத்து எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இன்றைய கொல்லர்கள் பெயரையும் ஆண்டையும் காம்பில் வெட்டுவது வழக்கம். அந்தச் சீட்டைப் பார்த்து, வாழும் கொல்லரின் வாளையும் அண்மைக் காலத்து வாளையும் மட்டுமே வெட்ட அனுமதிப்பது என்று ஒரு விதியைச் சேர்க்க நிர்வாகக் குழுவின் ஒரு கூட்டம் போதும். மேல்நிலைத் தேர்வுகளில் கூர் உள்ள வாளை எதிர்பார்க்கும் அமைப்புகள், கலப்பு உலோக வாளையும் அதற்குச் சமமாக ஏற்பதாக எழுத்தில் சொல்லிவிட்டால், பழைய வாளைத் தேடிக் கடைக்குப் போக வேண்டிய நெருக்கடி பலருக்கு அன்றே தீரும்.